நடுச்சுவரில் ஒரு அலமாரி

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு ஆய்வு அதிகாரி வருவார். அதற்குள் கடையின் நடுச்சுவரில் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே புத்தகக் கடையை மூடச் சொல்லிவிடுவார்கள்.

டன்லப் ஸ்ட்ரீட்டில் ஃபர்சானா கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளினாள். உள்ளே விளக்கைப் போட்டாள். தொடக்கநிலைத் தேர்வு வழிகாட்டிகளை முன்வரிசையில் அடுக்கினாள். அவளுடைய வாப்பா ஜமால் முகம்மது வழக்கம்போல் கல்லாவில் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அந்த நாற்காலியை அவர் அப்படிப் போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சுவரைப் பார்க்க வேண்டாம் என்பதற்காகவே அப்படிப் போட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தங்கை கணவர் ஷேக் தாவூதின் இசைக்கடை. இரண்டும் ஒரே பழைய கடைவீட்டின் இரண்டு பாதிகள். பின்சந்துக்குப் போகும் கதவு இசைக்கடைப் பாதியில் இருந்தது. புத்தகப் பாதிக்கு முன்வாசல் மட்டும்தான். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்று போன மாதம் வந்த அதிகாரி கேட்டார். ஜமால் சுவரைத் திரும்பிப் பார்க்காமல், அல்லாஹ் இருக்கிறான் என்றார். அதிகாரி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. சுவரில் வழி திறந்து பக்கத்துக் கடை வழியாகப் பின்கதவுக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பாதி மூடப்படும் என்று சொல்லிப் போனார்.

சிராங்கூன் ரோடு வட்டாரத்தில் 'பிறை' என்ற கடைப் பெயரைத் தெரியாதவர்கள் ஒரு காலத்தில் குறைவு. கீழக்கரையிலிருந்து வந்த ஜமாலும் தாவூதும் ஐந்தடி நடைபாதையில் வாரப் பத்திரிகைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு விற்றுத் தொடங்கிய வியாபாரம் அது. பிறகு கேசட் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று பாட்டுக் கேட்டு வாங்கினார்கள். ஈசூனில் ஒரு கிளை, தஞ்சோங் பகாரில் ஒரு கிளை, மேற்கே இன்னும் சில. எல்லாக் கிளைகளுக்கும் ஒரே சட்டம். பிறைக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. கேட்டது இல்லையென்றால் பக்கத்துக் கடைக்கு ஓடி வாங்கி வந்தாவது கொடுக்க வேண்டும். தாவூது அப்படி ஓடிய கதைகளை அவர் மனைவி ஆயிஷா மாமி சொல்லி ஃபர்சானா கேட்டிருக்கிறாள்.

ஜமால் ஹஜ்ஜுக்குப் போய் வந்த வருடம் எல்லாம் மாறியது. சினிமாப் பாட்டு விற்பது இனி தனக்கு வேண்டாம் என்று அவர் சொன்னார். அப்படிச் சொன்ன ஹாஜிமார்கள் ஊரில் பலர் உண்டு. பெரும்பாலும் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். ஜமால் ஒதுங்கவில்லை. சரக்கைப் பிரித்தார். எல்லாக் கிளைகளிலும் புத்தகம் அவருக்கு, பாட்டும் படமும் தாவூதுக்கு. நடுவில் பலகைச் சுவர்.

பிரிப்பது சுலபமாக முடியவில்லை. குர்ஆன் ஓதும் கேசட் ஜமால் பக்கம் போனது. நபி புகழ்ப் பாடல்களில் பெரிய விவாதம் நடந்து, தப்ஸ் மேளச் சத்தம் இருந்தால் தாவூது பக்கம், இல்லையென்றால் ஜமால் பக்கம் என்று ஆனது. ஒவ்வொரு கேசட்டையும் போட்டுக் கேட்டுப் பிரித்தார்களாம். கடைசியில் மாட்டிக்கொண்டவை சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். அவை பாட்டு என்றார் ஜமால். தாள் என்றார் தாவூது. இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளவில்லை. மற்றக் கிளைகளில் கிடந்தவற்றில் பலவும் டன்லப் ஸ்ட்ரீட்டுக்கு வந்து, கடையின் நடுவே இரண்டு பக்கமும் திறந்திருந்த ஒரு அலமாரியில் சேர்ந்தன. சுவர் கட்ட வந்த தச்சர் இதை எந்தப் பக்கம் தள்ளுவது என்று கேட்டுப் பார்த்துவிட்டு, அலமாரியை நின்ற இடத்திலேயே விட்டு அதன் இரு ஓரத்திலும் சுவரை முடித்துவிட்டார்.

பிறகு தஞ்சோங் பகார் கிளையும் மேற்கே இருந்தவையும் போயின. ஈசூன் கிளை கைப்பேசிக் கடையானது. மிஞ்சியது இந்தக் கடைவீடும் இந்த அலமாரியும்தான்.

அந்த அலமாரியின் இடுக்கு வழியாகத்தான் ஃபர்சானா பள்ளிச் சீருடையில் இருந்த காலத்திலிருந்து மாமி மகன் இர்ஃபானோடு பேசினாள். இப்போது அந்தப் பக்கத்தை அவன்தான் நடத்துகிறான். பழைய இசைத்தட்டு, ஒலிபெருக்கி, காதில் மாட்டும் கருவி என்று எதையோ விற்று ஓட்டுகிறான். இந்த வருடம் எப்படியும் அவனுக்குப் பெண் கேட்க வருவதாக மாமி சொல்லியிருந்தாள். ஆனால் இன்றைக்குப் புத்தகக் கடை மூடப்பட்டால் அதற்குக் காரணம் தாவூதின் பிடிவாதம் என்றுதான் வாப்பா நினைப்பார். பொங்கோலில் இருக்கும் மகன் ஃபஹத் வீட்டோடு போய்விடுவார். அதற்குப் பிறகு ஈசூனில் குடியிருக்கும் தாவூது வீட்டார் யாரும் அவர் வாசலில் நின்று பெண் என்ற பேச்சையே எடுக்க முடியாது.

ரஞ்சிதம் அம்மா காலையிலேயே வந்தார். பக்கத்துச் சந்தில் பூக்கட்டும் பெண்மணி. ஜமால் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்றை அவரிடம் கொடுத்து அனுப்பினார். காசு வாங்கவில்லை. நாட்காட்டியாக இருக்கும் என்று ஃபர்சானா நினைத்தாள். வாப்பா தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யப் போனதும் அவள் அலமாரிக்கு ஓடி, சில புத்தகங்களை நகர்த்தினாள். அந்தப் பக்கம் இர்ஃபானின் சட்டை தெரிந்தது.

"மச்சான்."

"உம்மா கிளம்பிட்டாங்க. எம்ஆர்டி ரயில்ல இருக்காங்க."

"மாமா என்ன சொல்றாங்க?"

"அதேதான். வழி வேணும்னா அவரே வந்து கேக்கட்டுமாம். உங்க சைடு?"

"வாப்பா பேசவே இல்ல. காலைலேருந்து தஸ்பீஹ் மணி உருட்டிட்டு இருக்காங்க."

"அப்ப சீரியஸ்தான் லா." அவன் குனிந்து இடுக்கில் பார்த்தான். "இங்க ஒரு மஞ்ச அட்டைப் புக்கு இருந்துச்சே. நீ எடுத்தியா?"

"நான் ஏன் எடுக்கறேன்? நீங்கதான் நேத்து புதுசா ரெண்டு கொண்டுவந்து சொருகியிருக்கீங்க."

"நானா?"

வாப்பாவின் செருமல் கேட்டது. அவள் புத்தகங்களை இருந்த இடத்தில் தள்ளிவிட்டு விலகினாள்.

இரண்டு பெரியவர்களும் ஒரே பள்ளிவாசலுக்குத்தான் போனார்கள். ஒருவர் முன்வரிசை, ஒருவர் பின்வரிசை. திரும்பும்போது தெருவின் இரண்டு ஓரங்களில் தனித்தனியாக நடந்து வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் ஒப்பந்தக்காரர் குமரன் வந்து சுவரை முழுக்கத் தட்டிப் பார்த்து முடித்திருந்தார்.

"ஐயா, இந்தக் கோடியில கான்கிரீட் தூண். அந்தக் கோடியில மெயின் சுவிட்ச். தொட முடியாது. இந்த அலமாரி நிக்கிற எடம் ஒண்ணுதான் பாக்கி. இதை எடுத்துட்டாலே வழி. சுவத்த உடைக்கக்கூட வேணாம்." அவர் தாவூதையும் பார்த்துக்கொண்டார். "புக்கை யார் பக்கம் எறக்கட்டும்?"

தாவூது நடைபாதையிலேயே நின்றுவிட்டார். வாசற்படியை அவர் தாண்டவில்லை. இசைக்கடையிலிருந்து ஏதோ ஒரு காதல் பாட்டு சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னுது இல்ல" என்றார் ஜமால்.

"என்னுதும் இல்ல" என்றார் தாவூது. "தாளெல்லாம் அவருக்குன்னு அப்பவே பேசினதுதானே. கேட்டுப் பாருங்க."

"பாட்டெல்லாம் அவருக்குன்னும் பேசினோம்னு சொல்லுங்க."

குமரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவரு இங்கதான் நிக்கிறாரு ஐயா. காது நல்லாத்தான் கேக்குது."

சிரிப்பு வரவில்லை யாருக்கும். அதிகாரி வரும் நேரம் நெருங்குகிறது என்று ஃபர்சானா மெல்லச் சொன்னாள். ஜமால் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சன்னமான குரலில் தன் முடிவைச் சொன்னார். அலமாரியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். பாதையைக் காட்டினால் அதில் நடந்து காட்டச் சொல்வார்கள். அந்தப் பக்கம் நான் நடக்கப் போவதில்லை. மூடச் சொன்னால் மூடிவிடலாம்.

வாப்பா சொன்னால் செய்துவிடுவார். பாட்டு வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கும் இதே குரலில்தான் சொல்லியிருப்பார்.

தாவூது ஒரு எட்டு முன்னால் வந்தார். இன்னும் வாசற்படிக்கு வெளியேதான்.

"என் கடையில நடந்தா கால்ல ஹராம் ஒட்டிக்கும். அதானே?"

"மாமா" என்றாள் ஃபர்சானா.

"நீ சும்மா இரும்மா. இத்தனை வருஷமா யாரும் கேக்கல, நானும் கேக்கல. பாட்டு வித்த காசுலதான் ஏழு கடை வந்துச்சு. அதுலதான் என் பொண்டாட்டி புள்ளைங்க சாப்பிட்டாங்க. உங்க வாப்பா ஹஜ்ஜு முடிச்சு வந்து ஒரே பேச்சுல அதெல்லாம் அசுத்தம்னு ஆக்கிட்டாரு. அப்ப நான் அதுவரைக்கும் ஹராமையா ஊட்டினேன்?"

ஜமால் தஸ்பீஹை வேகமாக உருட்டினார்.

ஃபர்சானா அலமாரிக்குப் போனாள். யார் பக்கம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, கைக்கு வந்த புத்தகங்களை எடுத்துச் சுவரடியில் தரையில் அடுக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கமிருந்து இர்ஃபானும் அதையே செய்தான். அலமாரியின் வழியே அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக முழுதாகத் தெரிய ஆரம்பித்தது.

குமரன் ஒரு புத்தகத்தை எடுத்து ஊதினார். "என்னங்க இது, தூசியே இல்ல. யாருக்கும் வேணாத அலமாரின்னுல சொன்னீங்க?"

ஃபர்சானாவின் கை நின்றது. உண்மைதான். மேலே வாப்பா வைத்திருந்த அகராதிகள்மேல் தூசி இருந்தது. இதில் இல்லை. இர்ஃபான் ஒரு புத்தகத்தின் உள்ளட்டையைத் திருப்பி, அதிலிருந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது ஈசூன் கடை ஸ்டாக். எங்க வீட்டு ஷெல்டர் அறையில பெட்டியில கட்டி வெச்சிருந்தது. இங்க எப்படி வந்துச்சு?"

அவன் தன் வாப்பாவைப் பார்த்தான். தாவூது தெருவைப் பார்த்தார். ஃபர்சானா தன் வாப்பாவைப் பார்த்தாள். அவர் தஸ்பீஹை உருட்டுவதை நிறுத்தியிருந்தார். காலையில் ரஞ்சிதம் அம்மா செய்தித்தாளில் சுற்றி வாங்கிப் போனது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மஞ்சள் அட்டை.

"வாப்பா, நீங்களா எடுக்கிறீங்க?"

"விக்கல" என்றார் ஜமால், சட்டென்று. "கேட்டு வர்றவங்களுக்குச் சும்மா குடுத்தேன். விக்க மாட்டேன்னுதான் சொன்னேன்."

"தெரியும்" என்றார் தாவூது, தெருவைப் பார்த்தபடியே. "ஒவ்வொரு தடவையும் ஓட்டை விழும். யாரு எடுக்கிறான்னு எனக்குத் தெரியாதா? வர்றவங்களுக்குக் குடுக்க இல்லாம போயிடுமேன்னு நான் வெச்சேன்."

"யாரு வெக்கிறான்னு எனக்கும் தெரியும்."

அவ்வளவுதான். ஆனால் தாவூது வாசற்படி தாண்டவில்லை. ஜமாலும் நாற்காலியைவிட்டு எழவில்லை. எதுவும் மாறவில்லை போலிருந்தது. காலி அலமாரி மட்டும் எலும்புக்கூடு மாதிரி நடுவில் நின்றது. குமரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன், இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும் என்றார்.

அப்போதுதான் ஆயிஷா மாமி வந்தாள். ஈசூனிலிருந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் ஒரு தூக்குச் சட்டி. நடைபாதையில் நிற்கும் கணவரையும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணனையும் பார்த்தாள். பெருநாளைக்கு மட்டும் அண்ணன் வீட்டுக்குத் தனியாக வந்து போகும் பெண். கணவர் காரிலேயே காத்திருப்பார். இத்தனை வருடமும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பேசாமல் நின்றவள் அவள்தான்.

என்ன நடக்கிறது என்று யாரையும் விசாரிக்கவில்லை. தூக்கைக் கல்லாமேல் வைத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"காக்கா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தீப்பிடிச்சா நான் எந்தப் பக்கம் ஓடணும்?"

ஜமால் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஓடினா அவரு அங்க தனியா. அந்தப் பக்கம் ஓடினா நீங்க இங்க வழியில்லாம. இப்பவே சொல்லிடுங்க. அப்ப கேக்க நேரம் இருக்காது."

தாவூது தலையைக் குனிந்துகொண்டார். ஜமால் கல்லாமேலிருந்த தூக்கைப் பார்த்தார். பிறகு குமரனிடம் கையை அசைத்தார்.

"எடுங்க."

குமரன் நடைபாதையைப் பார்த்தார். தாவூது தலையாட்டினார்.

அலமாரி நகர்ந்தபோது தரை கீச்சிட்டது. அந்தப் பக்கத்து ஒளி இந்தப் பக்கத்துப் புத்தகங்கள்மேல் விழுந்தது. பாட்டுச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. இர்ஃபான் அந்தப் பக்கம் ஒரு ஒலிபெருக்கி அடுக்கைத் தள்ளிப் பாதையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அதிகாரி வந்துவிட்டார்.

இந்த முறை வந்தவர் இளம் சீனப் பெண். மிகவும் பணிவாகப் பேசினார். திறப்பின் அகலத்தை அளந்து பார்த்தார். கதவு பிறகு பொருத்தலாம், இன்றைக்கு வழி தடையில்லாமல் இருந்தால் போதும் என்றார். ஃபர்சானா மூச்சு விடப் போனாள். அதற்குள் அந்தப் பெண் சிரித்த முகத்தோடே கேட்டுவிட்டார். புத்தகக் கடையில் தினமும் இருக்கும் பெரியவர் இவர்தானே? வயதானவரால் தடுக்காமல் நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை பின்கதவு வரைக்கும் நடந்து காட்டச் சொல்ல முடியுமா?

ஃபர்சானா மொழிபெயர்க்கவில்லை. வாப்பாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அதிகாரியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. முட்டி வலி என்று சொல்லிவிடலாமா என்று ஃபர்சானா யோசித்தாள். சொன்னால் வழி சரியில்லை என்றுதான் எழுதுவார்.

இசைக்கடையில் பாட்டு நின்றது.

கடை திறந்திருக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் பாட்டு நின்று அவள் கேட்டதே இல்லை. தெருவில் போன ஒருவர்கூட நின்று திரும்பிப் பார்த்தார். தாவூது எப்போது நடைபாதையிலிருந்து தன் கடைக்குள் போனார் என்று அவள் கவனிக்கவில்லை. திறப்பின் வழியே பார்த்தபோது அவர் உள்ளே சுவிட்ச் அருகில் நின்றார். கை இன்னும் சுவிட்ச்மேல் இருந்தது.

ஜமால் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அலமாரி நின்ற இடத்தில் தரையின் நிறம் வேறாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கிக் காலை எடுத்து வைத்தார். பிறகு நிற்கவில்லை. நடிகர்கள் சிரித்த சுவரொட்டிகளுக்கு நடுவே, இசைத்தட்டுப் பெட்டிகளுக்கு நடுவே, கண்ணைத் தாழ்த்தாமலும் எதையும் பார்க்காமலும் நடந்தார். தாவூது அவருக்கு முன்னால் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். ஃபர்சானாவும் மாமியும் அதிகாரியும் பின்னாலேயே போனார்கள்.

பின்சந்தில் வெயில் அடித்தது. அதிகாரி எழுதி முடித்து, எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பெரியவர்களும் பின்கதவின் இரு பக்கத்தில் நின்றார்கள்.

"பாட்டை ஏன் நிறுத்தினீங்க?" என்றார் ஜமால். சுவர் எழும்பிய பிறகு நேராக அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"நீங்க வர்றீங்கன்னு."

"வெளிய நிக்கிறவன் கடைய மூடிட்டாங்கன்னு நெனப்பான். போடுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஹராம்னு நான் உங்களச் சொல்லல மச்சான். எனக்கு வேணாம்னு சொன்னேன். அதை அன்னிக்கே சரியாச் சொல்லியிருக்கணும்."

தாவூது உள்ளே போனார். பாட்டு மறுபடி கேட்டது, முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக.

ஃபர்சானா ஓடிப் புத்தகக் கடைக்கு வந்துவிட்டாள். கல்லாவுக்கு யாராவது வேண்டுமே. வாப்பா இப்போது எப்படித் திரும்புவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்சந்தைச் சுற்றித் தெருவழியே வரலாம். அதிகாரி போய்விட்டார், இனி யாருக்கும் நடந்து காட்ட வேண்டியதில்லை. அவள் நடைபாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு முதுகுக்குப் பின்னால், சுவரின் பக்கமிருந்து, வாப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் திறப்பில் நின்று தரையில் கிடந்த புத்தகக் கட்டுகளைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தாவூது, மாமி, இர்ஃபான்.

"இதையெல்லாம் எங்க வெக்கிறது? இனி நடுவுல வெக்க முடியாது. வழி" என்றார் ஜமால்.

தாவூது மாமியைப் பார்த்தார். மாமி கல்லாமேலிருந்த தூக்கைக் கண்ணால் காட்டினாள். அதில் என்ன இருக்கிறது என்று ஃபர்சானாவுக்குத் தெரியும். நல்ல காரியம் பேசப் போகும்போது மட்டும் மாமி செய்கிற தொதல் இனிப்பு.

"நம்மூரு வழக்கப்படி மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குத்தான் போகணும்" என்றார் தாவூது, ரொம்ப சலித்துக்கொள்வது போல. "கடையில பாதிய எடுத்தீங்க. இப்ப பையனையும் எடுத்துக்கப் போறீங்க. அவன் அந்தப் பக்கம் வரும்போது இந்தப் புக்கையும் சேத்து அனுப்பிடறேன்."

ஜமால் இர்ஃபானைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மகளை. அலமாரியில் கைவிட்டு எடுத்தவர் அவர். அந்த இடுக்கில் வேறு யார் கை வந்து போனது என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்று ஃபர்சானாவுக்கு அந்தக் கணம் தோன்றியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜமால் கல்லாவுக்குப் போனார். நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்து, திறப்பைப் பார்த்தபடி திருப்பிப் போட்டார். உட்கார்ந்தார். தூக்கைத் தன் பக்கம் நகர்த்தி மூடியைத் திறந்தார்.